நான் நீக்கிய விலை

என் மனைவி இறந்து நாற்பது நாட்கள் கழிந்தபின், அவள் உண்ணாமல் விட்டுச்சென்ற மாத்திரை அட்டைகளைத் துணிப்பையில் எடுத்துக்கொண்டு, கேம்ப் பகுதியில் அறக்கட்டளை ஒன்று நடத்தும் மருந்தகத்துக்குப் போனேன். புனேயில் முப்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தவன் நான். அந்த வாசலை ஆட்டோவில் எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். உள்ளே நுழைந்தது அன்றுதான். எங்கள் மருந்துகளை வீட்டருகே இருந்த கடையில் வாங்கிவந்தோம். அந்தக் கடைக்குள் மறுபடி கால்வைக்க என்னால் அப்போது இயலவில்லை.

அவளுக்கு வந்தது ரத்தப் புற்றுநோயில் நிதானமான ஒரு வகை. நாளுக்கு ஒரு மாத்திரை, ஆயுள் முழுவதும், ஒருநாளும் தவறாமல். ஆறு ஆண்டுகள் அந்த மாத்திரை அவளைக் காத்தது. அந்த ஆறு ஆண்டுகளில் அவள் சமைத்தாள், சண்டையிட்டாள், கோவைக்குத் தனியாக ரயிலேறிப் போய்வந்தாள். பிறகு நோய் தன் இயல்பை மாற்றிக்கொண்டது. மருத்துவர் வேறு மருந்து எழுதினார், அது போதவில்லை. பழைய மருந்தில் இரண்டு மாதத்துக்கானது பிரிக்கப்படாமல் அலமாரியில் தங்கிவிட்டது.

மருந்தகத்தில் நின்ற மருந்தாளருக்கு நாற்பது வயதுக்கு மேலிருக்கும். கோர்படி ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்மணி என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது. என் பையைத் திறந்து பார்த்துவிட்டு, தலையை அசைத்தார்.

“நஹி சார். ஒரு தடவை கவுண்டரைத் தாண்டி வெளிய போன மருந்து திரும்பி உள்ள வரக்கூடாது. ரூல்.”

பையைக் கட்டத் தொடங்கினேன். எனக்குப் பக்கத்தில் நின்றிருந்த பெண், பையிலிருந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, எங்க வூட்டுக்காரரு சாப்புடுற மாத்திரைதானே அது?”

“அதேதான். உனக்கு இந்த மாசம் எத்தனை?”

“பதினஞ்சு குடு.”

“மாசத்துக்கு முப்பது நாளு.”

“ஒரு நாளு வுட்டு ஒரு நாளு போடறாரு.”

“டாக்டருக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா திட்டுவாரு. அவரைத் திட்டறதுக்கு வூட்ல நான் ஒருத்தி இருக்கேன், போதாதா?”

மருந்தாளர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார். “நான் இப்பத் திரும்பி நின்னு பஞ்சு அடுக்கப்போறேன்,” என்றார். “என் முதுகுல கண்ணு கிடையாது.” அப்படியே திரும்பி நின்றார்.

நான் பையை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். அவர் ஒவ்வோர் அட்டையாகத் திருப்பிக் காலாவதித் தேதியைப் படித்தார். படித்து முடித்தபின் கேட்டார்: “யாரோடது சார்?”

“என் மனைவியுடையது.”

“அவங்களுக்கு இனிமே வேணாமா?”

“வேண்டாம்.”

அவர் கையிலிருந்த அட்டைகளைப் பைக்குள் மிக மெதுவாக வைத்தார்.

அவர் கணவருக்குத் தாபோடியில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். சம்பளத்தில் பாதி இந்த மாத்திரைக்கே போய்விடும் என்பதால் பாதியைத்தான் வாங்கினார்கள். அப்படி விட்டுவிட்டு உண்டால் என்ன ஆகும் என்பதை நான் அறிவேன். மருந்தின் பிடி தளரும். தளர்ந்த நேரத்தில் நோய் தன்னை மாற்றிக்கொள்ளும். அதன்பின் எந்த விலை கொடுத்தாலும் அந்த மாத்திரை கேட்காது. முறையாக உண்டவளுக்கே கடைசியில் அதுதான் நேர்ந்தது. நான் கொடுத்த பையில் அறுபது நாட்கள் இருந்தன. அறுபத்தோராம் நாள் அந்த மனிதர் மீண்டும் பாதிக்குத் திரும்பிவிடுவார்.

அந்தப் பெண் போனபின் மருந்தாளர் என்னிடம் என்ன வேலையில் இருந்தேன் என்று விசாரித்தார். பாதுகாப்புத் துறைப் பொறியாளர்களுக்குப் புள்ளியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்றேன்.

“அரே, அப்ப உங்களுக்கு ஒரு வேலை இருக்கு. சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு எந்த மருந்தை எந்த ரேட்டுக்கு வாங்கறாங்கன்னு நெட்ல போட்டுவச்சிருக்காங்க. ஒவ்வொரு ஸ்டேட்டும். யாரும் படிக்கறதில்ல. இந்த மாத்திரையோட அசல் ரேட் என்னன்னு தெரிஞ்சா நான் டீலர்கிட்ட வாயைத் திறக்கலாம். தெரியாம என்ன பேசறது?”

வாயைத் திறப்பதைப் பற்றி என் மனைவிக்கும் ஒரு கருத்து இருந்தது. “உலகத்துல எல்லாத்துக்கும் சராசரி போடுவீங்க. ஒரு கொத்தமல்லிக் கட்டுக்கு மட்டும் வெலை கேக்க மாட்டீங்க,” என்பாள். உண்மைதான். ஆறு ஆண்டுகள், மாதந்தோறும், அட்டையின் முதுகில் அச்சிட்டிருந்த விலையை அப்படியே கொடுத்தேன். நோயுற்றவளுக்கான மருந்தில் விலை பேசுவது ஒரு குறைவு என்று எனக்குத் தோன்றியிருந்தது.

மறுநாள் காலை கணினியின் முன் அமர்ந்தேன். கடவுச்சொல் கேட்பார்கள், கட்டணம் கேட்பார்கள், எதற்காக என்று விளக்கம் கேட்பார்கள் என்று எண்ணியிருந்தேன். எதுவும் கேட்கவில்லை. கோப்புகள் திறந்தன. ஒரு மாநிலம் ஓராண்டில் தன் மருத்துவமனைகளுக்காக வாங்கிய அனைத்தும் வரிவரியாக அங்கே இருந்தன: பொருள், அளவு, எண்ணிக்கை, விற்றவர், விலை. காய்ச்சல் மாத்திரை கோடிக்கணக்கில். பிரசவத்தில் ரத்தப்போக்கை நிறுத்தும் ஊசி. தையல் நூல், பல தடிமன்களில். நாய்க்கடி ஊசி. பாம்புக்கடி மருந்தை மழைக்காலத்துக்கு முன்பே சேர்த்துவைத்திருந்தார்கள். வயிற்றுப்போக்குக்கான உப்புச் சர்க்கரைப் பொட்டலங்கள் கோடையில் பெருகி, கார்த்திகையில் இறங்கின. முகம் தெரியாத கோடிப் பேரின் உடல்கள் ஓராண்டில் படப்போகும் பாடு அனைத்தையும் யாரோ முன்கூட்டியே நினைத்துப்பார்த்து எழுதியிருந்தார்கள். எழுதியதைப் பூட்டிவைக்காமல் விட்டிருந்தார்கள்.

பெரிய கோயிலுக்குள் நுழைகிறவன் தன்னையறியாமல் குரலைத் தாழ்த்திக்கொள்வதுபோல, வீட்டில் தனியே இருந்த நான் நாற்காலியை ஓசைப்படாமல் இழுத்துக்கொண்டேன். அன்று பகலுணவை மறந்தேன். மனைவி போனபின் பசியில்லாமல் உணவைத் தவிர்த்த நாட்கள் பல உண்டு. மறந்ததால் தவறியது அன்று முதல் முறை.

நான் தேடிய மாத்திரை எளிதில் அகப்படவில்லை. ஓரிடத்தில் அதன் பெயரை ஓர் எழுத்துக் கூட்டி எழுதியிருந்தார்கள், வேறிடத்தில் ஓர் எழுத்து விட்டு. ஒரு மாநிலம் ஒரு மாத்திரைக்கு விலை சொன்னது; இன்னொன்று பத்துக்கு; மற்றொன்று நூறுக்கு. பல கோப்புகள் தாளைப் படமெடுத்து ஏற்றியவை. கண்ணால் படித்துக் கையால் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. இரண்டு வாரங்கள் காலைதோறும் அதைச் செய்தேன். மாநிலங்கள், நகராட்சிகள், மாவட்ட மருத்துவமனைகள் என நாற்பதுக்கும் மேற்பட்ட கொள்முதல்கள் சேர்ந்தன. எல்லாவற்றையும் ஒரு மாத்திரையின் விலையாக மாற்றி, ஒரே அட்டவணையில் வைத்தேன்.

பிறகு, முப்பது ஆண்டுகள் கற்பித்ததைச் செய்தேன். அட்டவணையைத் தூய்மைப்படுத்தினேன். கூட்டத்திலிருந்து வெகுதொலைவில் விழும் அளவீடு பெரும்பாலும் தராசின் பிழை, அல்லது எழுதியவரின் பிழை. அதை நீக்கிவிட்டே கணக்கைத் தொடங்க வேண்டும் என்பது என் வகுப்பறையின் முதல் பாடம். எல்லா விலைகளுக்கும் கீழே, நான் கொடுத்துவந்த விலையில் பன்னிரண்டில் ஒரு பங்காக, ஒரு வரி தனியே கிடந்தது. அலகைத் தவறாக எழுதியிருப்பார்கள் என்று முடிவுசெய்தேன். அந்த வரியின்மேல் சிவப்புக் கோடிட்டேன். எஞ்சியவற்றுக்கு இடைநிலையை, வரிசையில் நடுவே விழும் விலையை, கண்டேன். நான் கொடுத்த விலையில் சரிபாதி வந்தது. இரண்டு பக்கத்தில் வரைபடத்துடன் அறிக்கை எழுதி மருந்தகத்தில் சேர்த்தேன். நல்ல அறிக்கை என்றே நினைத்தேன்.

மருந்தாளர் அதை மொத்த விற்பனையாளரின் ஆளிடம் காட்டியபோது நானும் இருந்தேன். அந்த ஆள் இந்தியில் பேசினார், மரியாதையாகத்தான் பேசினார்.

“புரொஃபசர் சாப், படம் அழகா இருக்கு. எங்க கம்பெனியிலகூட இவ்வளவு அழகா போட மாட்டாங்க. உங்களுக்காக இருபது சதவீதம் குறைக்கிறேன். இதுக்குமேல கேட்டீங்கன்னா என் வேலை போயிடும், அப்புறம் நானும் இந்த கவுண்டருக்கு முன்னால வந்து நிக்கணும்.”

இருபது சதவீதம் தாபோடிக்குப் போதாது. அந்தப் பெண் அந்த வாரம் இருமல் மருந்து வாங்க வந்தவர், புதிய விலையைக் கேட்டார். மனத்துக்குள் ஏதோ கூட்டிக் கழித்தார். “அப்ப மூணு நாளைக்கு ரெண்டு போடலாம்,” என்றார். குரலில் குறையே இல்லை. ஒரு நன்மை கிடைத்தவர்போலத்தான் சொன்னார். நான் கொடுத்த பையில் முப்பத்தொரு நாட்கள் மீதமிருந்தன.

அவர் போனபின் மருந்தாளர் என் முழு அட்டவணையைக் கேட்டு வாங்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, விரலால் வரிவரியாக இறங்கினார். சிவப்புக் கோட்டில் விரல் நின்றது.

“இதை ஏன் அடிச்சிருக்கீங்க?”

“அது பிழை. மற்ற எல்லாவற்றிலிருந்தும் மிக விலகியிருக்கிறது.”

“விலகி இருந்தா பிழையா?”

“பெரும்பாலும்.”

“சார், நான் இருபது வருஷமா மருந்து விக்கறேன். மத்ததெல்லாம் அவசரத்துக்கு லோக்கல்ல வாங்கினது. ஆஸ்பத்திரியில ஸ்டாக் தீர்ந்தா, சொன்ன ரேட்டுக்கு வாங்குவாங்க. இது ஒண்ணுதான் பெரிய டெண்டர். நீங்க உண்மையை அடிச்சிட்டு மத்ததுக்கு சராசரி போட்டிருக்கீங்க.” பிறகு, நான் வயதில் மூத்தவன் என்பது நினைவுக்கு வந்ததுபோல, “தப்பா எடுத்துக்காதீங்க,” என்று சேர்த்துக்கொண்டார்.

தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் நம்பவும் இல்லை. வீட்டுக்கு வந்து, அந்த ஒரு வரி எந்த ஒப்பந்தத்திலிருந்து வந்ததோ அதன் மூலக் கோப்பைத் தேடினேன். அதுவும் திறந்தே கிடந்தது. நூறு பக்கங்களுக்கு மேல். தொழிற்சாலை உரிமம், தரச் சோதனை முறை, எத்தனை வாரத்தில் எந்தக் கிடங்கில் இறக்க வேண்டும் என்ற நிபந்தனை. இறுதியில், விலைப்புள்ளிகளைப் பிரித்துப் படித்த நாளின் பதிவு. முத்திரையிட்டுத் தனித்தனியே ஏலத்தில் விலை சொன்ன நான்கு நிறுவனங்களின் பெயர்கள். பெயர்களுக்கு எதிரே நான்கு விலைகள்.

அந்த நான்கும் ஒன்றையொன்று ஏறக்குறையத் தொட்டுக்கொண்டு நின்றன. முதல் விலைக்கும் நான்காம் விலைக்கும் இடையே சில காசுகள்தான்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். ஒரு தராசு பிழை செய்யலாம். ஒன்றையொன்று பார்க்காத நான்கு தராசுகள் ஒரே இடத்தில் பிழை செய்வதில்லை. நான் பிழை என்று நீக்கியதுதான் அந்த மாத்திரையின் விலை. முள்ளில் நின்ற அந்தச் சின்னஞ்சிறு எண்ணை, செய்கூலியும் இலாபமும் சோதனையும் லாரி வாடகையும் உள்ளடங்கிய எண்ணை, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரின் ரத்தத்தில் நாள்தோறும் நடக்கும் அத்தனை பெரிய காரியத்தை இவ்வளவு சிறிய விலைக்குச் செய்ய மனிதர்கள் கற்றிருக்கிறார்கள். முதலில் எனக்குத் தோன்றியது வியப்புதான். கோபம் பிறகு வந்தது. வந்தபோது அது வியப்பின் அளவுக்கு வளரவில்லை.

ஏலத்தில் வென்ற நிறுவனத்தின் பெயர் எனக்குப் பழக்கமானது. என் மனைவியின் மாத்திரை அட்டைகளின் முதுகில் ஆறு ஆண்டுகள் அச்சாகியிருந்த பெயர்.

அந்த வரியை நான் ஏன் அடித்தேன் என்பதை அன்று விளங்கிக்கொண்டேன். வகுப்பறை விதி ஒரு சாக்கு. மாதந்தோறும் கொடுத்த விலை எனக்குள் அளவுகோலாக ஊன்றிவிட்டிருந்தது. அவளைக் காத்த பொருள் அத்தனை மலிவாக இருந்திருக்கக்கூடும் என்பதை ஏற்க மனம் இடந்தரவில்லை.

மறுநாள் மருந்தாளரிடம் அந்தப் பக்கத்தை நீட்டினேன். “நான் அடித்தது தவறு,” என்றேன். அவர் அதைப் பொருட்படுத்தவே இல்லை. நான்கு பெயர்களையும் விரலால் தொட்டுக்கொண்டிருந்தார்.

“ஜெயிச்சவன் நமக்குத் தரமாட்டான். இதே மாத்திரையைக் கடையில பன்னெண்டு மடங்குக்கு விக்கறவன், நமக்கு ஏன் தரணும்?” விரல் ஒரு வரி கீழே இறங்கியது. “தோத்தவன்கிட்ட கேப்போம் சார்.”

“தோற்றவனிடமா?”

“சில காசுல தோத்திருக்கான். ஆர்டர் கிடைக்கல. மெஷின் சும்மா நிக்கும். விலையை அவனே எழுதிக் கொடுத்திருக்கான், இனி மாத்திப் பேச முடியாது. தராம என்ன பண்ணுவான்?”

முப்பது ஆண்டுகளில் எந்த வகுப்பிலும் நான் இரண்டாம் இடத்தை இப்படிப் பார்த்ததில்லை.

அது வடக்கே இருந்த ஒரு சிறு நிறுவனம். மருந்தாளர் தன் கைப்பேசியை மேசைமேல் வைத்து ஒலியைக் கூட்டினார். மறுமுனையில் இருந்தவர் மேலாளர், சந்தேகத்துடன் தொடங்கினார்.

“நாங்க தோத்ததை உங்களுக்கு யார் சொன்னாங்க?”

“சர்க்காரே சொல்லியிருக்கு பாய். நீங்க போட்ட ரேட், பைசாவோட, என் கையில இருக்கு.”

மேலாளர் சிரித்துவிட்டார். “எங்க முதலாளி அதைப் பாக்கக்கூடாதுன்னு நான் ஒரு மாசமா ஒளிச்சுவச்சிருக்கேன். நீங்க புனேயிலேர்ந்து படிச்சுச் சொல்றீங்க. எத்தனை வேணும்?”

அந்தக் கேள்விக்கு விடை எங்களிடம் இல்லை. ஒரு மருந்தகத்துக்காக இயந்திரத்தை ஓட்ட முடியாது என்றார் அவர். அதில் நியாயம் இருந்தது. மருந்தாளர் நகரிலிருந்த மற்ற அறக்கட்டளை மருந்தகங்களுக்கு ஒவ்வொன்றாகத் தொலைபேசினார். மராத்தியில் அதட்டினார், இந்தியில் கெஞ்சினார், ஓரிடத்தில் தமிழில் திட்டினார். ஐந்து மருந்தகங்கள் சேர்ந்தன. இந்த மாத்திரையை உண்பவர்கள், விட்டுவிட்டு உண்பவர்கள், விலையைக் கேட்டுவிட்டு ஒருமுறையோடு திரும்பி வராமற்போனவர்கள் எனப் பெயர்களைத் தொகுத்தோம். ஓராண்டுக்கு ஒருமொத்தமாக எழுதிக்கொடுத்தோம். ஏல விலையைவிடச் சற்றுக் கூடுதல் வைத்து ஒப்புக்கொண்டார்கள். முதல் பெட்டியிலிருந்து மாதிரி எடுத்து, நகரிலிருந்த ஒரு சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார் மருந்தாளர். மருந்தின் அளவும் அது கரையும் நேரமும் சரியென்று எழுத்தில் வந்தது. தாபோடி மனிதரின் மருத்துவரும் அதைப் படித்துவிட்டுச் சம்மதித்தார்.

அப்போது பையில் ஐந்து நாட்கள் எஞ்சியிருந்தன.

அந்தப் பெண் வந்தார். புதிய பெட்டியைக் கையில் வாங்கினார். விலையைக் கேட்டார். மருந்தாளர் சொன்னதும், மறுபடி கேட்டார். பிறகு பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டார்.

“வேணாம்க்கா.”

“ஏன்?”

“இவ்ளோ கம்மியா இருக்கு. இன்னாவோ இருக்கு இதுல. எங்க ஊர்ல ஒருத்தரு இப்டித்தான் சீப்பா மாத்திரை வித்தாரு, சுண்ணாம்பு.”

மருந்தாளர் சோதனை அறிக்கையைக் காட்டினார். மருத்துவர் சம்மதித்ததைச் சொன்னார். அந்தப் பெண் தாளைப் பார்த்தார். ஆங்கிலத்தில் இருந்த அந்தத் தாள் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அவர்மேல் எரிச்சல் வரவில்லை. அதே எண்ணை, அதே காரணத்துக்காக, சிவப்புக் கோடிட்டு ஒதுக்கியவன் நான். எனக்கு அந்தத் தாளைப் படிக்கவும் தெரிந்திருந்தது.

அவர் என் பக்கம் திரும்பினார்.

“சார், நீங்க சொல்லுங்க. உங்க வூட்டம்மாவுக்கு இதைக் குடுத்திருப்பீங்களா?”

வெளியே பேருந்து ஒன்று நின்று ஆட்களை இறக்கியது. எளிதான விடை ஒன்று நாவில் இருந்தது, அதைச் சொல்லிவிட்டிருக்கலாம். ஆனால் கேட்டவர் விடையைத் தன் கணவரின் உடலில் போட்டுப் பார்க்கப்போகிறவர். ஆகவே நான் உண்மையாகவே யோசித்தேன். காலை எட்டு மணி, தண்ணீர்க் குவளை, நீட்டிய உள்ளங்கை. அந்த உள்ளங்கையில் இந்தப் பெட்டியின் மாத்திரையை வைத்துப் பார்த்தேன்.

“கொடுத்திருப்பேன்,” என்றேன். “இந்த விலை எனக்குத் தெரியாமல் போயிற்று. தெரிந்திருந்தால் முதல் நாளிலிருந்தே இதைத்தான் கொடுத்திருப்பேன்.”

அந்தப் பெண் பெட்டியை எடுத்தார். “அப்ப முப்பதாவே குடுக்கா,” என்றார் மருந்தாளரிடம். “தினம் ஒண்ணு. போடலன்னா நான் பாத்துக்கறேன்.”

மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்ப்பார். புதிய மாத்திரை தொடங்கி மூன்று மாதமான பின் ஒரு முற்பகலில், மருந்தாளரிடம் என் எண்ணை வாங்கி, அந்தப் பெண் குரல்செய்தி ஒன்று அனுப்பியிருந்தார். பின்னணியில் தாபோடி நிலையத்தைக் கடக்கும் ரயிலின் இரைச்சல். அதை மீறிப் பேசுவதற்காகக் குரலை உயர்த்தியிருந்தார்.

“சார், ரிப்போர்ட் வந்துச்சு. நம்பரு எனக்குப் புரியல சார். ஆனா டாக்டரு அதைப் பாத்துட்டு சிரிச்சாரு. மூணு வருசமா போறோம், இன்னிக்குத்தான் அவரு சிரிச்சுப் பாக்குறேன்.”

ரயில் முழுவதும் கடந்து போகும்வரை அவர் கைப்பேசியை அணைக்க மறந்திருந்தார். இரைச்சல் ஓயும்வரை நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.